கட்சி இல்லாத கவுன்சில்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் அரசியலைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அதையொட்டி 1949ஆம் ஆண்டின் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) கவுன்சில் தேர்தல்களைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒன்று வியப்பளித்தது. லண்டனில் கட்சிகள் கடுமையாக மோதிக்கொண்ட அதே ஏப்ரலில், கிராமப்புறக் கவுண்டிகளின் பல தொகுதிகளில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. ஒரே ஒருவர் மனு கொடுத்து அன்னபோஸ்டாகத் தேர்வாகியிருக்கிறார். அவர்களில் பலர் சுயேச்சைகள். கட்சிச் சண்டை இல்லாமல் ஊரே கூடி நல்லவர் ஒருவரை அனுப்பிவைக்கும் இந்த முறைதானே உள்ளாட்சிக்கு உகந்தது? கட்சிகள் நுழைந்துதான் அது கெட்டதா? எப்போது மாறியது?

ம.

அன்புள்ள ம.,

ஊரே கூடி அனுப்பிவைத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போட்டி நடக்காததை வைத்து ஊர் ஒப்புக்கொண்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், எதிர்த்து நிற்க அங்கே யாரால் முடிந்தது என்று பார்க்க வேண்டும்.

வேட்புமனுவிலிருந்தே தொடங்கலாம். அன்று கவுண்டி கவுன்சிலுக்கு நிற்பவரின் மனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர், அவர்களுடன் மேலும் எட்டு வாக்காளர்கள் கையெழுத்திட வேண்டியிருந்தது. 1872லேயே ரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்துவிட்ட நாடு அது. வாக்குச்சாவடியில் தன் ஆள் யாருக்குப் போட்டான் என்று எந்தப் பண்ணைக்காரரும் அறிய வழியில்லை. ஆனால் மனுவில் இடும் கையெழுத்து ரகசியம் அல்ல. வயல்கள் நிறைந்த நார்ஃபோக் கவுண்டியில் ஒரு பண்ணைத் தொழிலாளி, தன் முதலாளிக்கோ முதலாளியின் நண்பருக்கோ எதிராக நிற்பவரின் மனுவில் பெயரெழுதினால், அன்று மாலைக்குள் அது ஊரறிந்த செய்தியாகிவிடும். அவர் குடியிருக்கும் வீடு பல இடங்களில் பண்ணைக்கே சொந்தமானது. வேலை போனால் மனைவி மக்களோடு வீட்டையும் காலிசெய்ய வேண்டும். இந்த வீட்டுமுறையை எதிர்த்து விவசாயத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் போராடியது. அக்குடும்பங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் எதிர்வேட்பாளருக்குப் பத்துக் கையெழுத்து திரட்டுவது எளிய காரியமாக இருந்திருக்காது.

கையெழுத்துகள் கிடைத்து, வென்றும்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கவுன்சிலும் அதன் குழுக்களும் கூடுவது வழக்கமாகப் பகல் நேரத்தில், கவுண்டியின் தலைநகரத்தில். ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தால் தொழிலாளிக்கு ஒருநாள் கூலி போய்விடும். இழந்த கூலிக்கு ஈடு தருவதற்கு 1948ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம்தான் வழிசெய்தது. அதுவரைக்கும், சொல்லப்போனால் அதற்குப் பிறகும், நிலக்கிழாரும் பெரும்பண்ணைக்காரரும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியும் பாதிரியாரும் தங்கள் வேலை கெடாமல் போய்வரக்கூடிய இடமாகவே கவுன்சில் இருந்தது. விதிவிலக்குகள் உண்டு. சிறுவயதில் வயலில் காக்கை விரட்டிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ், வளர்ந்த பிறகு மனைவியிடம் எழுத்துக் கற்று, மெதடிஸ்ட் சபையில் பிரசங்கியாகி, தொழிற்சங்கத்தைக் கட்டி, நார்ஃபோக் கவுண்டி கவுன்சிலில் அமர்ந்து, 1920இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். அவரைப் போன்றவர்கள் கைவிரல்களில் எண்ணக்கூடியவர்கள். 1928 முதல் அதே சங்கத்தின் தலைவராக இருந்து, நார்ஃபோக் கவுன்சிலிலும் பணியாற்றிய எட்வின் கூச் வயலில் வேலை செய்தவர் அல்ல, பத்திரிகையாளர் என்பதையும் கவனியுங்கள்.

வாக்காளர் பட்டியலும் முழுமையானதாக இருக்கவில்லை. 1945 வரைக்கும் உள்ளாட்சியில் வாக்கு என்பது, வீட்டையோ நிலத்தையோ தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் அவருடைய துணைக்கும் உரியது. பெற்றோருடன் வசிக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கும், பெரிய மாளிகையிலேயே தங்கி வேலைபார்க்கும் பணிப்பெண்ணுக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இருந்தது. கவுண்டி தேர்தலில் கிடையாது. இரண்டு பட்டியல்களையும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் நெருக்கிக் கொண்டுவந்ததால், 1946 மார்ச்சில் நடந்ததே அவர்கள் பங்கேற்ற முதல் கவுண்டி தேர்தல். நீங்கள் படித்த 1949 இரண்டாவது.

அந்தத் தேர்தலும் அவையின் முழுமையையும் தீர்மானிக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் மூவருக்கு ஒருவர் (லண்டனில் ஆறு பேருக்கு ஒருவர்) என்ற கணக்கில் ஆல்டர்மன்கள் என்ற கூடுதல் உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலே. உறுப்பினருக்கு மூன்றாண்டுப் பதவிக்காலம் என்றால் ஆல்டர்மனுக்கு ஆறாண்டு, பாதிப்பேர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். மக்கள் தோற்கடித்தவரையே கவுன்சில் ஆல்டர்மனாக்கிக்கொள்ளவும் தடையில்லை. நீங்கள் குறிப்பிட்ட லண்டனிலேயே 1949இல் லேபருக்கு 64, கன்சர்வேட்டிவுக்கு 64, லிபரலுக்கு 1 என்று முடிவு வந்தபோது, ஆல்டர்மன்களின் பலத்தில்தான் லேபர் ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது.

இனி, கட்சி இல்லாவிட்டால் அரசியலும் இல்லை என்ற எண்ணத்துக்கு வருகிறேன். 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தொடங்கி 1948க்குள் பள்ளிகள், நிலத் திட்டமிடல், தீயணைப்பு, ஆதரவற்ற குழந்தைகள், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டிகளிடம் வந்து சேர்ந்துவிட்டன. எந்தக் கிராமப் பள்ளியை மூடுவது, எங்கே வீடு கட்ட அனுமதிப்பது என்பதைவிட அரசியலான கேள்வி ஒரு கிராமத்தில் வேறு என்ன இருக்க முடியும்? 1929ஆம் ஆண்டின் சட்டம் விவசாய நிலத்துக்கு உள்ளாட்சி வரியை முழுமையாக விலக்கிவிட்டது. குடியிருக்கும் வீடுகளுக்கு வரி தொடர்ந்தது. அப்படி வரி விலக்குப் பெற்ற நிலத்தின் சொந்தக்காரர்கள் அமர்ந்து வரிவிகிதத்தைத் தீர்மானிக்கும் அவையைக் கட்சி சார்பற்றது என்று சொல்லலாம், பக்கம் சாராதது என்று சொல்ல முடியாது. சுயேச்சை என்று நின்றவர்களில் பலர் பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவுக்கு வேலை செய்தவர்கள்தான்.

உங்கள் பக்கத்து நியாயத்துக்கு நான் எடுத்துவைக்கக்கூடிய சிறந்த சான்று கேம்பிரிட்ஜ்ஷயர். வயலும் பழத்தோட்டமுமாக இருந்த அந்தக் கவுண்டியில், பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளியாகவும் மாலையில் பெரியவர்களுக்கு நூலகம், மன்றம், வகுப்பறையாகவும் இருக்கும் கிராமக் கல்லூரிகள் எழுந்தன. சாஸ்டன் 1930இல் திறந்தது. ஜெர்மனியிலிருந்து வெளியேறிய வால்டர் குரோப்பியஸும் மேக்ஸ்வெல் ஃப்ரையும் வடிவமைத்த இம்பிங்டன் 1939இல் வந்தது. அதற்கான நிலத்தை ஜாம் தயாரிக்கும் சிவர்ஸ் குடும்பம் கொடுத்தது. கட்சிக் கட்டுப்பாடு இறுகிய ஓர் அவையில் இது இவ்வளவு இலகுவாக நடந்திருக்குமா என்று எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் அதை 1924லேயே அறிக்கையாக எழுதி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து நடத்திக்காட்டியவர் கல்வி அதிகாரி ஹென்றி மாரிஸ். தேர்தலில் நிற்காத ஒருவரின் பிடிவாதத்தைத் தேர்தல் முறையின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

கட்சி வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்றும் நான் சொல்லவரவில்லை. டர்ஹாம் சுரங்கக் கிராமங்களின் கவுண்டி. 1919இல் லேபர் முதன்முதலாக ஒரு கவுண்டி கவுன்சிலைப் பிடித்தது அங்கேதான், 1925 முதல் 2021 வரை அது கைமாறவே இல்லை. அந்தக் கவுன்சில்தான் 1951இல் தன் கிராமங்களை நான்கு வகையாகப் பிரித்து, நிலக்கரி தீர்ந்துவரும் 114 கிராமங்களை ‘டி’ வகையில் போட்டது. அங்கே புதிய முதலீடு இல்லை, புதிய வீடு இல்லை, காலியாகும் வீடுகள் இடிக்கப்படும். சுரங்கத் தொழிலாளர்களின் கட்சி சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்களுக்கு எழுதிய தீர்ப்பு அது. கிராமத்தவர்கள் குழுக்கள் அமைத்துப் பல்லாண்டுகள் எதிர்த்தார்கள். 1977இல்தான் கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் ‘டி’ என்ற எழுத்தை யார் போட்டது, எந்தக் கட்சி அதற்குப் பொறுப்பு என்பது அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. மனுவே ஒன்றுதான் தாக்கலாகும் ஒரு தொகுதியில், பள்ளியை இழந்த தாய்க்கு அந்தத் தெளிவும் கிடைத்திருக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் டர்ஹாம் பக்கம்தான் நிற்பேன், அதன் தீர்ப்பை வெறுத்துக்கொண்டே.

எப்போது மாறியது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நாளில் அல்ல. 1969ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சியைக் குறிப்பிடவே இடமில்லை. பெயர், முகவரி, தொழில் அவ்வளவுதான். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்ததும் அதே ஆண்டுச் சட்டத்தில். 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கவுண்டிகளின் எல்லைகளை மாற்றி வரைந்து, ஆல்டர்மன்களையும் நீக்கியது. புதிய கவுன்சில்களுக்கு 1973 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று அவை பொறுப்பேற்றன. அதன்பிறகு கட்சிகள் வேகமாகப் பரவின. சுயேச்சைகள் அடியோடு மறைந்துவிடவில்லை. குறைந்தார்கள், சில கிராமப்புறக் கவுண்டிகளில் இன்றும் வென்றுவருகிறார்கள், எதிரே வேட்பாளர்கள் நிற்கும்போதே.