'பாதுகாப்பு' வேலைக்குப் போக விரும்பும் மகள்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

சமூகப்பணியில் முதுகலை முடித்த தங்கள் மகள் மனிதநேய உதவி நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு இடர் மேலாண்மை உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்க விரும்புவதாகவும், அது வாசலில் நிற்கும் வேலையா, குண்டு விழும் இடத்தில் நிற்கும் வேலையா என்று தெரியாமல் தூக்கம் கெட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. இந்தக் குழப்பத்துக்குத் தாங்களும் பொறுப்பில்லை, 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லைத்தான் குறை சொல்ல வேண்டும். உதவிப் பணித்துறையில் தனித்தனியாக இயங்கும் மூன்று வேலைகளைத் தமிழில் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஒருவர் வேண்டுமென்றே விளைவிக்கும் தீங்கிலிருந்து, அதாவது கடத்தல், கொள்ளை, தாக்குதல் போன்றவற்றிலிருந்து, பணியாளர்களையும் உடைமைகளையும் காப்பது செக்யூரிட்டி. சாலை விபத்து, தீ, நோய் என யாரும் திட்டமிடாமல் நேர்வதைத் தடுப்பது சேஃப்டி. போரிலும் பேரிடரிலும் சிக்கிய மக்களின் உயிரையும் உரிமையையும் காக்கப் பாடுபடுவது புரொடெக்‌ஷன். அது வேறு பிரிவு, அதற்கு வேறு பயிற்சி. சமூகப்பணி படித்தவர்கள் இயல்பாகச் சேர்வது மூன்றாவதில்தான். ஆகவே விளம்பரத்தில் இருப்பது எந்தச் சொல் என்று மகளிடம் முதலில் கேளுங்கள். புரொடெக்‌ஷன் பணி என்று நம்பிச் செக்யூரிட்டி பணிக்கான நேர்காணலில் போய் அமர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் விரும்புவது முதலாவதுதான் என்றால், அந்தத் துறையின் சொற்களை அவரோடு தாங்களும் அறிந்துகொள்வது நல்லது. "அங்கே ஆபத்தா?" என்று கேட்டால் யாரும் உருப்படியான பதில் தர முடியாது, அச்சுறுத்தல் என்ன, வலுவின்மை எங்கே, இடர் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆயுதமேந்திய சிலர் ஒரு சாலையை மறித்து வண்டிகளைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது அச்சுறுத்தல், அதை நிறுவனத்தால் அநேகமாக மாற்ற முடியாது. அதே சாலையில் பயனாளிகளுக்கான ரொக்கப் பணத்தோடு, இருட்டும் நேரத்தில், அந்த வட்டார மொழி தெரியாத ஓட்டுநருடன் போகும் வண்டிக்கு வலுவின்மை அதிகம். காலையில், மருந்துப் பெட்டிகளோடு, ஊராரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும் வண்டிக்குக் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்து, தீங்கு நேரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் விளைவு எவ்வளவு என்று மதிப்பிடுவதே இடர். (நல்லதற்கே 'வாய்ப்பு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த இடத்தில் அந்தச் சொல் சற்று உறுத்தத்தான் செய்யும்.) எடுக்க வேண்டிய ஏற்பாடுகளை எல்லாம் எடுத்த பிறகும் மிஞ்சுவது எஞ்சிய இடர். அது ஒருபோதும் பூஜ்யமாகாது. அந்த மிச்சத்தை ஏற்றுக்கொள்ளும் அளவுக்குப் பணி இன்றியமையாததா என்று முடிவு செய்வதுதான் இத்துறையில் மிகக் கடினமான வேலை. இளநிலைப் பணியில் சேர்பவர் அந்த முடிவை எடுப்பதில்லை, ஆனால் அதற்கு வேண்டிய தகவல்கள் பெரும்பாலும் அவர் கையிலிருந்துதான் போகும்.

தங்கள் மகள் அன்றாடம் என்ன செய்வார் என்பதும் இதிலிருந்தே புரியும். பயணத் திட்டங்களைச் சரிபார்ப்பது, களத்தில் இருப்பவர்கள் குறித்த நேரத்தில் தொடர்பு கொண்டார்களா என்று பார்ப்பது, நிகழ்வு அறிக்கைகளைத் தொகுப்பது ஆகியவற்றில்தான் நாளின் பெரும்பகுதி கழியும். அறிக்கையில் ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 'வண்டியின் கண்ணாடி உடைந்தது' என்று எழுதினால் கோப்பு பழுதுபார்க்கும் பிரிவுக்குப் போகும்; 'வண்டியின் மீது கல் வீசப்பட்டது' என்று எழுதினால் அடுத்த வாரப் பயணங்கள் நிறுத்தப்படலாம். இன்னதென்று தெரியாதபோது, தெரியவில்லை என்றே எழுத வேண்டும். நூலிழையில் தப்பிய நிகழ்வையும் பதிவு செய்தாக வேண்டும். நாமோ தப்பித்தோம் பிழைத்தோம் என்று அதை அன்றோடு மறந்துவிடும் பழக்கமுள்ளவர்கள்.

இன்னொரு தொகுதிச் சொற்களை நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். ஏற்பு, காப்பு, அச்சுறுத்தித் தடுத்தல் என்பவை மூன்று அணுகுமுறைகள். மதில், கம்பிவேலி, தலைக்கவசம் போன்றவை காப்பு. ஆயுதக் காவல் போன்றவை மூன்றாவது வகை, உதவி நிறுவனங்கள் பெரும்பாலும் தவிர்ப்பது. உள்ளூர் மக்களும் அங்கு அதிகாரம் செலுத்துவோரும் நிறுவனத்தின் நோக்கத்தை அறிந்து அதன் இருப்புக்கு இசைவது ஏற்பு. என் கணிப்பில், சமூகப்பணி படித்தவருக்கு இத்துறையில் இருக்கும் பெரிய பலம் இதுதான். முன்பு இராணுவத்திலும் காவல்துறையிலும் இருந்து வந்தவர்களே இங்கு மிகுதி. மக்களிடம் பேசத் தெரிந்தவர்களின் தேவையை இப்போது நிறுவனங்கள் உணர்ந்திருக்கின்றன. நிலைமை மோசமானால் இருக்கும் இடத்திலேயே உணவும் நீரும் சேர்த்துவைத்துப் பதுங்கியிருத்தல், நாட்டுக்குள்ளேயே வேறிடம் மாற்றுதல், எல்லை கடந்து வெளியேற்றுதல் ஆகியவை தனித்தனி ஏற்பாடுகள் என்பதையும் அவர் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தங்களுக்கு மிகவும் பயன்படும் சொல் 'பராமரிப்புக் கடமை', அதாவது தன் பணியாளர்களைத் தீங்கிலிருந்து காக்க நிறுவனத்துக்கு உள்ள பொறுப்பு. 2012 ஜூனில் கென்யாவின் தடாப் அகதிகள் முகாமில் நார்வேஜிய அகதிகள் மன்றம் என்ற உதவி நிறுவனத்தின் வாகன அணி தாக்கப்பட்டு, ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். நான்கு பணியாளர்கள் கடத்தப்பட்டுச் சில நாள்களில் மீட்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில், நிறுவனம் கடுமையான கவனக்குறைவோடு நடந்துகொண்டது என்று 2015 நவம்பரில் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவிப் பணிக்கு வருபவர் தியாகம் செய்ய வந்தவர் என்ற பழைய எண்ணத்தை அந்தத் தீர்ப்பு வெகுவாக அசைத்தது. அதற்கு முன்பே, 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. தலைமையகமாக இருந்த கால்வாய் ஹோட்டல் குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்த பின்னர், ஐ.நா. தன் பாதுகாப்பு அமைப்பை மாற்றி 2005இல் தனித் துறை ஒன்றை உருவாக்கியது. அந்தத் துறையின் பீசேஃப் என்ற இணையவழிப் பயிற்சி இலவசம். விண்ணப்பிக்கும் முன்பே மகள் அதை முடித்துவிடலாம்.

பணி நியமனம் வந்தால், கையெழுத்திடும் முன் அவர் எழுத்து வடிவில் கேட்க வேண்டியவை சில உண்டு. அந்த இடத்துக்கான இடர் மதிப்பீட்டைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? களப் பயணத்துக்கு முன் நேரடிப் பாதுகாப்புப் பயிற்சி தருவார்களா? காப்பீடு உள்ளூர் ஒப்பந்தத்தில் சேர்பவருக்கும் முழுமையாகப் பொருந்துமா? தாக்கப்படும் உதவிப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டவர்களே என்பதால் இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். பாதுகாப்பில்லை என்று தோன்றும் பயணத்தை மறுத்தால் வேலைக்குப் பங்கம் வராது என்று நிறுவனத்தின் கொள்கையில் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது, மகள் தாம் கண்ணால் கண்ட ஒரு சிறு நிகழ்வை, யார், எங்கே, எப்போது, என்ன என்பது மட்டும் இருக்குமாறு, ஊகம் எதுவும் கலக்காமல் பத்து வரிகளில் எழுதிக்கொண்டு வரட்டும். அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுவோம்.