பருப்பு விலை ஏறுமென்று பணத்தைப் பருப்பில் போடலாமா?

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். 20 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது. உலகம் முழுக்க உணவு விலை ஏறப்போகுதாம், கோதுமையில் போடுங்கோ என்று மகன் ஒரு செயலியைக் காட்டுகிறான். ஆள் சேர்த்தால் கொமிஷனும் உண்டாம். தம்பிக்குப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தக் கடை. அவனோ, "அக்கா, காசைத் தாங்கோ, மைசூர்ப் பருப்பு வாங்கி அடுக்குவம், விலை ஏற வித்துப் பிரிப்பம்" என்கிறான். மகள் கனடாவிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறாள். 2022 இல் பட்டது போதும். என்ன செய்யட்டும்?

பதில்: செயலியை முதலில் முடித்துவிடுவோம். ஆள் சேர்த்தால் கொமிஷன் என்றால் அது பிரமிட் திட்டத்தின், அதாவது புதிதாகச் சேர்பவர்களின் காசை முன்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்து ஓட்டும் திட்டத்தின், அடையாளம். அப்படியான திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதற்கு ஆள் பிடிப்பதும் வங்கிச் சட்டத்தின்படி குற்றம். மகன் யாரையும் சேர்த்திருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

சரி, செயலி ஒழுங்கானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கோதுமை உங்களைக் காப்பாற்றியிருக்காது. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் விலைச் சுட்டெண் உச்சம் தொட்டது 2022 மார்ச்சில், உக்ரைன் யுத்தம் தொடங்கிய சூட்டோடு. உலகக் கோதுமை விலைக்கு அளவுகோலான சிக்காகோ சந்தையில் கோதுமையும் அதே மாதம் உச்சிக்குப் போய், ஆண்டு முடிவதற்குள் யுத்தத்துக்கு முந்தைய விலைக்கே இறங்கிவிட்டது. கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டதோ செப்டெம்பரில். உலக விலை மாதக்கணக்காக இறங்கிக்கொண்டிருக்க, நீங்கள் கடையில் ஏறக்குறைய இரட்டை விலை கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ஐ எட்டியது. 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததில் நெல் விளைச்சலும் விழுந்திருந்தது. உங்கள் சமையலறையை அடித்தது ரூபாயும் நம் வயலும்தான், சிக்காகோ அல்ல.

உலக விலை இனி ஏறாது என்று நான் சொல்லவில்லை. மழை தவறுகிறது, யுத்தங்கள் ஓயவில்லை, ஏறத்தான் செய்யும். எப்போது என்பதுதான் எவருக்கும் பிடிபடாதது. உலகில் விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்குதான் நாடு விட்டு நாடு போகிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு இந்தியாவுடையது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை டில்லி நிறுத்தியதும் ஆசியா முழுக்க விலை எகிறியது. 2024 செப்டெம்பரில் தடையை எடுத்தார்கள், விலை சரிந்தது. இரண்டுமே ஒரு அரசாங்க அறிவித்தலில் நடந்தவை. ஓய்வுகாலப் பணத்தை வைத்து இதை ஊகிக்கப் போகாதீர்கள்.

தம்பியின் யோசனையும் இதே ஊகம்தான், சாக்கில் கட்டியது. மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. அங்கே நல்ல அறுவடை என்றால் அடுத்த கப்பல் மலிவாக வந்து இறங்கும், உங்கள் மூட்டைகள் வண்டு பிடித்துக் கிடக்கும். விலை ஏறினாலும் அரசாங்கம் உச்ச சில்லறை விலையை வர்த்தமானியில் போடலாம். சந்தையில் தட்டுப்பாடு இருக்கும்போது பதுக்கினால் நுகர்வோர் அதிகார சபை கதவைத் தட்டும். மொத்த வியாபாரி உழைப்பது சரக்கை வேகமாகச் சுழற்றித்தான். மாதக்கணக்கில் அடுக்கி வைத்து அல்ல. அதனால் தம்பி காசு கேட்பதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்; கடனுக்குச் சரக்கு கொடுத்தவர்கள் தம்பியிடம் கையை இறுக்கிவிட்டார்களா என்று பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். (குடும்பத்துக்குள் இதைக் கேட்பது கஷ்டம், காசு போன பிறகு கேட்பது அதைவிடக் கஷ்டம்.) உதவத்தான் வேண்டுமென்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கடனாக, எழுத்தில் கொடுங்கள். இலாபப் பங்கு வேண்டாம்.

இனி 20 இலட்சம். ஐந்து வருடத்துக்குப் பூட்டாதீர்கள். 2022 இல் ரூபாய் விழுந்தபோது வட்டியும் பின்னால் ஏறியது. அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காக விற்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. குறுகிய வைப்பு வைத்திருந்தவர்கள் முதிர்ந்ததும் புது வட்டிக்கு மாறினார்கள், நீண்டகாலத்துக்குப் போட்டவர்கள் பழைய வட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று பிரியுங்கள். ஒரு பங்கு திறைசேரி உண்டியலிலும் இருக்கலாம். வங்கி முறிந்தால் வைப்பாளருக்குக் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான், ஆகவே வைப்புகளை இரண்டு வங்கிகளில் வையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகை சாதாரண சேமிப்பில் கிடக்கட்டும்.

உங்களிடம் உள்ள நல்ல அரண் மகள் அனுப்பும் பணம். வந்தவுடன் முழுவதையும் ரூபாயாக்காமல், தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து ஒரு பகுதியை டொலராகவே விடுங்கள். வட்டி சொற்பம்தான். ஆனால் ரூபாய் விழுந்து பருப்பு விலை ஏறும் நாளில் அதே டொலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். கோதுமைச் செயலியில் மகன் தேடுவது இந்தப் பாதுகாப்பைத்தான்.

2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீத வரியை வங்கி பிடித்துக்கொள்கிறது. உங்கள் வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சத்துக்குள் இருந்தால் சுய பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். புது வைப்புப் போடும் அன்றே, இரண்டு வங்கியிலும் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.