சோவியத் ஒன்றியத்தில் கிரேக்கர்களுக்குத் தனி மாவட்டம் இருந்ததா?

“கிரிமியாவில் கிரேக்கர்களுக்கென ஒரு தன்னாட்சி மாவட்டம் இருந்ததாமே, எட்டே ஆண்டுகளில் கலைக்கப்பட்ட ஏற்பாட்டால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப்பெயர் உங்களைக் குழப்பியிருக்கலாம். அது கிரிமியாவில் இல்லை. தென் ரஷ்யாவின் குபான் பகுதியில், இன்று கிரிம்ஸ்க் எனப்படும் ஊரைச் சுற்றி 1930-இல் அமைக்கப்பட்டு, 1938-இல் கலைக்கப்பட்டது.

தொண்ணூறுகளில் அதே பகுதியிலுள்ள கிராஸ்னதார் நகரில் மருத்துவம் படித்தபோது, உடன் படித்த நண்பன் ஒரு விடுமுறையில் என்னைக் கிரிம்ஸ்க் பக்கத்திலிருந்த தன் பாட்டி வீட்டுக்கு அழைத்துச் சென்றான். உஸ்மானிய ஆட்சியிலிருந்து கருங்கடலைக் கடந்து வந்து புகையிலை பயிரிட்ட குடும்பம் அது. 1937-இல் பாட்டி கிரேக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். வீட்டில் பேசியது கருங்கடல் கரைக் கிரேக்கர்களின் வழக்கான பொந்தியக் கிரேக்கம். பள்ளியில் கற்பித்தது பொதுப் பேச்சுக் கிரேக்கம், அதுவும் சோவியத் அரசு இருபது எழுத்துகளாகக் குறைத்த நெடுங்கணக்கில். மறு ஆண்டு பள்ளி ரஷ்ய மொழிக்கு மாறிவிட்டது. அதற்குள் அவருடைய தந்தையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

1937 டிசம்பரில் சோவியத் ரகசியப் போலீஸின் தலைவர் யெஷோவ் பிறப்பித்த 50215-ஆம் எண் ஆணையின்படி நாடெங்கும் கிரேக்கர்கள் கைது செய்யப்பட்டனர். உக்ரைனின் மரியூபோல் வட்டாரக் கிரேக்கக் கவிஞர் கியோர்கி கோஸ்தோபிராவ் 1938-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பாட்டியும் அவர் தாயும் 1942-இல் கஜகஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

நான் வரலாற்றாசிரியன் அல்லன். பள்ளி தந்ததைச் சொன்னால் ஸ்டாலினுக்கு வக்காலத்து என்றும், கொலைகளைச் சொன்னால் சோவியத் வெறுப்பு என்றும் சிலர் எழுதுவார்கள். இரண்டையும் செய்தது ஒரே அரசுதான். ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரேக்கர் என்று பதிவு செய்து பள்ளி தந்தவர்களே, சில ஆண்டுகளில் கிரேக்கர் என்பதற்காகவே ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். கிரீஸில் குடியேறிய உறவினர் எழுதிய ஒரு கடிதத்தைப் பாட்டி எங்களிடம் காட்டினார். இருபது எழுத்துகளில் இடம்பெறாத ஈட்டாவும் ஒமேகாவும் வரிக்கு வரி வந்ததால், சொல்லுக்குச் சொல் தடுமாறி, அரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். ரஷ்யன் மட்டுமே அறிந்த பேரனால் அதுவும் இயலவில்லை. அந்த அரைப் பக்கத்தைப் படிக்க அவருக்கு உதவியது, நீங்கள் பயனற்றது என்று கருதும் மாவட்டத்தின் கடைசி ஆண்டில் அவர் கற்ற முதல் வகுப்புப் பாடம்.