சம்ப்பில் கலந்த போர் தண்ணீர்

கேள்வி: எங்களுடையது சொந்த வீடு. மாநகராட்சிக் குடிநீர்தான் பயன்படுத்துகிறோம். புட்டிப்பால் குடித்த என் மூன்று மாதக் குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பாரித்து, ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். அந்த வாரமே சமையலறைக் குழாய்த் தண்ணீரைச் சோதித்ததில் நைட்ரேட் லிட்டருக்கு 112 மில்லிகிராம். மூன்று முறை மனுக் கொடுத்தும் அதிகாரிகள் ஏளனமாகப் பேசினார்கள். இது நடந்து 16 மாதம் ஆகிறது. கோடையில் மட்டும் சம்ப்பில் போர் தண்ணீரும் விடுவோம். 25 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: அதிகாரி ஏளனமாகப் பேசியதை மட்டும் வைத்து நஷ்டஈட்டை நம்ப முடியாது, அதை விட்டுவிடுங்கள். 112 என்ற எண்ணிலும் தகராறு வராது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-ன்படி வரம்பு 45, அதில் தளர்வே கிடையாது. உங்கள் வழக்கு முழுவதும், போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரியில் இருக்கிறது. சம்ப்பில் போர் தண்ணீர் கலக்கிறது என்றால், சமையலறைக் குழாயில் வந்தது யார் கொடுத்த தண்ணீர்?

இந்த இடத்தில் கவிழ்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி வழக்குப் போட்ட ஒருவரிடம் எதிர்த்தரப்பு கேட்டது இரண்டே கேள்வி. மாதிரியை எங்கே பிடித்தீர்கள்? போருக்கும் செப்டிக் டேங்குக்கும் எத்தனை அடி? "மாடிக் குழாயில்", "பன்னிரண்டு அடி இருக்கும்" என்றார். அதோடு வழக்கு முடிந்தது. நகரத்து நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறுவதற்குக் கழிவுநீர்க் கசிவு முக்கியக் காரணம் என்று அவர்களுடைய பொறியாளர் கூண்டேறிச் சொல்வார். நீங்கள் பதில் சொல்ல முடியாது.

கொதிக்க வைத்ததையும் வாதமாக்காதீர்கள். நைட்ரேட் கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். இப்போதும் அப்படித்தான் கொடுக்கிறீர்கள் என்றால், வழக்கு கிடக்கட்டும், இன்றே நிறுத்துங்கள்.

மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, ஒரே நாளில் மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள்: சம்ப்புக்கு முன் தெரு இணைப்பில், போரில், பக்கத்து வீட்டு மாநகராட்சிக் குழாயில். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே வந்து எடுக்க வேண்டும். அளவு நைட்ரேட்டாகவா, நைட்ரஜனாகவா என்று அறிக்கையில் இருக்க வேண்டும். இரண்டும் வேறு கணக்கு: நைட்ரஜன் 10 என்றால் நைட்ரேட் ஏறத்தாழ 44. இன்றைய மாதிரி 16 மாதத்துக்கு முந்தைய தண்ணீரை நிரூபிக்காது என்பார்கள். அதனால் அந்த மாதங்களின் மாநகராட்சிச் சோதனை அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

போரில் மட்டும் நைட்ரேட் அதிகம் என்றால் வழக்கே போடாதீர்கள். தெரு இணைப்பிலும் அதிகம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஆனால் குழந்தை தேறிவிட்ட நிலையில், 25 லட்சத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட மருத்துவச் செலவையும் புதுக் குழாயையும் கேட்டுச் சமரசம் பேசுவதையே நான் சொல்வேன். குடிநீர் போன்ற பொதுச் சேவைத் தகராறுகளை விசாரிக்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. சமரசம் முறிந்தால் அந்த நீதிமன்றமே தீர்ப்பளிக்கும், அதற்கு மேல்முறையீடும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றுதான் வழி. மாதிரி முடிவு கைக்கு வராமல் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள்.

மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மெத்தீமோகுளோபின் (நைட்ரேட்டால் ரத்தத்தில் கூடும், ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்; நீலம் பாரிப்பது இதனால்தான்) அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுப்போக்கு என்றும் எழுதியிருந்தால், முதலில் அந்த மருத்துவரைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்காலும் இப்படி நீலம் பாரிக்கும்.