எதிராளியின் வாயால் ‘ஆம்’ வர வேண்டும்

கேள்வி: கொழும்பில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றிப் பிள்ளைகளைப் பேச வைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரே கூச்சல். ஒரு மாணவன் இன்னொருவனின் தாயை வைத்து ‘தோட்டக்காட்டான்’ என்றான். அதைக் கேட்டவன் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான். ‘இனி இந்த மாதிரி விஷயங்கள் வேண்டாம்’ என்கிறார் அதிபர். விட்டுவிடலாமா ரீச்சர்?
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. ஆனால் முதலில் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சம்பளம் கூடலாமா கூடாதா என்பது கருத்து. ஒருவனின் பிறப்பை இழுத்துப் பேசுவது கருத்தே இல்லை, அதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்க வேண்டியதும் இல்லை. சொன்னவனைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வையுங்கள். வெளியே போன பிள்ளையை ‘நீ விளக்கிச் சொல்லு’ என்று எழுப்பிவிடாதீர்கள். தன் அம்மாவின் கஷ்டத்தை வகுப்புக்குப் பாடமாக நடத்துவது அவன் வேலை இல்லை.

அப்புறம்தான் பேச்சு. நம் பிள்ளைகளுக்கு விவாதப் போட்டி தெரியும். மணி அடிக்கும் முன் எதிரணியை மடக்கிக் கைதட்டு வாங்கத் தெரியும். அதற்குப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பழக்கத்தில் காது வேலை செய்வதில்லை.

இந்து நாகரிகம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் தெரிந்திருக்கும். அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், மற்றவர் கொள்கைகளைப் பேசும் பரபக்கத்தை வைத்தார். உலோகாயதர், பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவர் சொல்வதையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். வகுப்பில் நான் வைத்த விதியும் அதுதான், ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டேன். மறுக்கப் போகிறவர் எதிராளியின் கருத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். ‘ஆம், அதைத்தான் சொன்னேன்’ என்று எதிராளி ஒப்புக்கொள்ளும் வரை மறுப்புக்கு இடமில்லை.

2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தியின் தகப்பன் தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் கணக்காளர். மற்றவளின் பெரியம்மா ஹற்றன் பக்கத்தில் கொழுந்து எடுப்பவர். கணக்காளரின் மகள் தெளிவாகப் பேசினாள்: விலையைத் தோட்டம் வைப்பதில்லை, 1883இலிருந்து நடக்கும் கொழும்புத் தேயிலை ஏலம் வைக்கிறது. விலை ஏறாமல் சம்பளத்தை மட்டும் ஏற்றினால் தோட்டம் ஆட்களைக் குறைக்கும் என்றாள். மற்றவள் அதைத் திருப்பிச் சொன்னாள். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னாள்.

பிறகு மற்றவள் தன் கருத்தைச் சொன்னாள். அதைத் திருப்பிச் சொல்வது கணக்காளரின் மகளின் முறை. ‘சம்பளம் போதாது என்கிறாள்’ என்றாள். ‘இல்லை, நான் அரைப் பேரைப் பற்றித்தான் சொன்னேன்’ என்றாள் மற்றவள். கணக்காளரின் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அரைப் பேர் என்றால் என்ன?’ என்று கேட்டாள். எடுக்கச் சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அன்றைய நாள் அரை நாளாகத்தான் பதியப்படும், 1,000 ரூபாய் என்று அறிவித்தாலும் கைக்கு வருவது வேறு என்று மற்றவள் விளக்கினாள். வகுப்பே அமைதியாகக் கேட்டது. இருவரும் தங்கள் நிலையை விடவில்லை. ஆனால் ‘கிலோவை யார் முடிவு செய்வது?’ என்று அதன் பிறகு இருவரும் சேர்ந்தே தேடினார்கள். நான் ஒரு பாடவேளை முழுக்கக் கத்தியிருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது.

நாற்பது நிமிடத்தில் இரண்டு பேர் பேசினாலே போதும். மற்றவர்கள் கொப்பியில் இரு பக்கக் கருத்தையும் எழுதட்டும், அதில் எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரியக்கூடாது. உங்கள் கருத்தைப் பிள்ளைகள் கேட்டால் மறைக்க வேண்டாம், ஆனால் கடைசியில் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொன்னால் பாதிப் பேர் உங்களுக்காகப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அதிபரின் பயம் நியாயமானது. பெற்றோர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே கூச்சல் போட்ட அதே வகுப்பை அடுத்த தவணை வரை தள்ளாமல், இந்த முறையில் இன்னொரு தரம் நடத்துங்கள். அன்றைக்கு அவரையும் கடைசி வாங்கில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.