ஜெர்மனியில் ஃபார்மலின்: லேபிலும் வீட்டிலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். நோய்க்குறியியல் லேப் வேலைக்காக ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஊரில் ஃபார்மலின் (திசு கெடாமல் வைக்கும் ஃபார்மால்டிஹைடு கரைசல்) டப்பாவைத் திறந்து வைத்தபடியே திசு வெட்டிப் பழக்கம். இங்கே ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள். புதிதாக வாங்கிப் பாகங்களை இணைத்து நிறுத்திய அலமாரியால் படுக்கையறையில் கண் எரிகிறது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. எது சட்டம், எது வெறும் பேச்சு, யாரைக் கேட்பது?

வேலையிடத்திலிருந்து தொடங்குகிறேன். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2004-லேயே ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 ஜனவரி முதல் அது சட்டப்படி 1பி வகைப் புற்றுநோய்க் காரணி, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று கொள்ளப்படும் பொருள். இந்த ‘1பி’ என்ற இரண்டு எழுத்தை நினைவில் வையுங்கள், கர்ப்பகாலப் பாதுகாப்பு அதைப் பிடித்துத்தான் வரும். காற்றில் இருக்கலாம் என்று அனுமதித்த உச்ச அளவு, 8 மணி நேரச் சராசரியாக 0.3 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.3 பங்கு), அதாவது கன மீட்டருக்கு 0.37 மில்லிகிராம். 15 நிமிடச் சராசரி என்றால் 0.6 பிபிஎம். இது 2019-ல் வந்த ஒன்றிய உத்தரவு. மருத்துவமனைகளுக்கும் சடலம் பதப்படுத்துவோருக்கும் 0.5 பிபிஎம் வரை போகலாம் என்ற சலுகை அதில் இருந்தது. 2024 ஜூலை 11-ஓடு அது முடிந்துவிட்டது. ‘ஆஸ்பத்திரிக்கு மட்டும் தனி அளவு’ என்று யாராவது இன்னும் சொன்னால் அது பழைய கதை. அமெரிக்காவில் இருக்கும் தோழி 0.75 என்று சொன்னாலும் குழம்ப வேண்டாம், அங்கே தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் வைத்திருக்கும் 8 மணி நேர அளவு அதுதான். 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம்.

இந்த அளவுகளை மூக்கால் கணிக்க முடியாது. அறைக்குள் நுழைந்ததும் சுள்ளென்று ஏறும் வாசம் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போகும். காற்று அப்படியேதான் இருக்கும், மூக்கு மரத்திருக்கும். அதனால்தான் அளவீட்டு அறிக்கை வேண்டும் என்கிறேன். சட்டையில் மாட்டும் சிறு மாதிரிக் குழாயிலோ பட்டையிலோ காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் முழுவதற்கும் ஒரே மாதிரி எடுத்தால் உச்சம் மறைந்துபோகும். டப்பா கவிழ்க்கும் நேரம், கழிவு ஊற்றும் நேரம், திசு பதப்படுத்தும் கருவியில் திரவம் மாற்றும் நேரம், இவற்றுக்குத் தனித்தனியாக 15 நிமிட மாதிரி எடுத்தார்களா என்று கேளுங்கள்.

உங்கள் லேபில் புழங்குவது பெரும்பாலும் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு, பாஸ்பேட் பஃபர் கலந்தது. 37 சதவீத மூலக் கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு அந்தப் பஃபரைச் சேர்த்தால் வருவது. முடிந்தவரை மூலக் கரைசலை லேபில் கலக்கவே விடாதீர்கள். தயாராக நிரப்பிய டப்பாக்கள் கிடைக்கும்போது அந்த ஆபத்துக்கு அவசியமே இல்லை. இங்கே சட்டமும் அதைத்தான் சொல்கிறது: குறைந்த ஆபத்துள்ள வழி இருக்கிறதா என்று முதலாளி முதலில் பார்க்க வேண்டும், அடுத்தது உறிஞ்சு வசதி, கையுறையும் முகக்கவசமும் கடைசியில்தான்.

திசு வெட்டும் மேசையில் ஓட்டைகள் வழியாகக் காற்றைக் கீழே இழுக்கும் அமைப்பு இருக்கும். நல்ல மேசை இருந்தும் அளவு எகிறுவதற்குப் பெரும்பாலும் நாலைந்து காரணங்கள்தான். ஓட்டைகளின் மேல் டிஷ்யூ பேப்பரையும் தட்டுகளையும் பரப்பி இழுப்பை அடைத்துவிடுவது. டப்பாவை மேசைக்கு வெளியே, பக்கத்து வண்டியில் வைத்துத் திறப்பது. ஃபார்மலினில் நனைந்த காகிதத்தை மூடியில்லாத குப்பைத் தொட்டியில் போடுவது; அந்தத் தொட்டி மாலை வரை வாயு விட்டுக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்து வைத்துக் குறுக்குக் காற்றை வரவிடுவது. காற்றை வெளியே தள்ளாமல் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் மேசையில், சாதாரணக் கரி வடிகட்டியைப் போட்டு வைப்பது. வெறும் கரி ஃபார்மால்டிஹைடை அதிகம் பிடித்து வைக்காது, அதற்கென ரசாயனம் ஏற்றிய கரி வேண்டும், காலக்கெடுவில் மாற்றவும் வேண்டும். அறுவை முகக்கவசமும் எஃப்எஃப்பி2-வும் வாயுவைத் தடுக்காது. மெல்லிய நைட்ரைல் கையுறை தெறிப்புக்கு மட்டும்தான். நனைந்தால் உடனே கழற்றிப் புதிது போடுங்கள், ஒரே ஜோடியோடு மணிக்கணக்கில் வெட்டாதீர்கள்.

இனி காகிதம். இங்கே உங்கள் உரிமை முக்கால்வாசி காகிதத்தில்தான் இருக்கிறது. கெஃபேர்டுங்ஸ்பொய்ர்டைலுங் என்பது முதலாளி எழுதி வைத்திருக்க வேண்டிய ஆபத்து மதிப்பீடு. பெட்ரீப்ஸ்அன்வைசுங் என்பது அந்த ரசாயனத்தைக் கையாளும் முறையைச் சொல்லும் செயல்முறைத் தாள், வேலையிடத்திலேயே இருக்க வேண்டும். இதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று அபாயப் பொருள் விதியே சொல்கிறது. வேலை தொடங்கும் முன்பும் அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் வாய்மொழியாக விளக்கி உங்கள் கையெழுத்தை வாங்குவார்கள். புதிதாக வந்தவர்கள் ஜெர்மன் புரியாமலேயே தலையாட்டிக் கையெழுத்துப் போடும் இடம் இதுதான், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ‘புரியவில்லை, ஆங்கிலத்தில் வேண்டும்’ என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. நாளை ஏதாவது தெறித்துக் கண் பாதித்தால், விளக்கம் பெற்றீர்கள் என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சியாக நிற்கும். பெட்ரீப்ஸ்ஆர்ட்ஸ்ட் எனும் நிறுவன மருத்துவரிடம் பரிசோதனையும் உண்டு. அங்கே நீங்கள் சொல்வதையோ கண்டறிந்ததையோ உங்கள் அனுமதியின்றி அவர் முதலாளியிடம் சொல்லக்கூடாது.

கர்ப்பம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முட்டர்ஷுட்ஸ் எனும் தாய்மைப் பாதுகாப்புச் சட்டப்படி, 1ஏ, 1பி வகைப் புற்றுநோய்க் காரணிகளால் ஆபத்து வரக்கூடிய வேலையில் கர்ப்பிணியை வைக்கக்கூடாது. நடைமுறையில் திசு வெட்டும் மேசையிலிருந்து உங்களை விலக்குவார்கள். வரிசையும் சட்டத்திலேயே இருக்கிறது: முதலில் வேலையிடத்தை மாற்றியமைக்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் வேறு வேலை தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் வேலைத் தடை. தடை வந்தால் சம்பளம் போய்விடுமோ, விசாவுக்கு இடைஞ்சலாகுமோ என்று பலர் மூன்று நான்கு மாதம் மறைத்துவிடுகிறார்கள். கரு உருவாகும் முக்கியமான காலம் அதுதான், அதை ஃபார்மலின் பக்கத்தில் கழிக்க வேண்டிய தேவை இல்லவே இல்லை. கர்ப்பம் தொடங்கிய மாதத்துக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளச் சராசரி, முட்டர்ஷுட்ஸ்லோன் (தாய்மைப் பாதுகாப்புச் சம்பளம்) என்ற பெயரில் தொடர்ந்து வரும். அந்தத் தொகையை முதலாளிக்கு மருத்துவக் காப்பீட்டு நிதி முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே ‘உன்னால் எங்களுக்கு நஷ்டம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. சோதனைக் காலத்திலும் பணிநீக்கப் பாதுகாப்பு உண்டு, பிரசவத்துக்குப் பின் 4 மாதம் வரை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: குறிப்பிட்ட தேதியோடு முடியும் ஒப்பந்தம் அந்தத் தேதியில் முடியத்தான் செய்யும், அதை இந்தப் பாதுகாப்பு நீட்டிக்காது.

யாரிடமும் எதுவும் சொல்லாமலே இப்போது ஒன்று செய்யலாம். கர்ப்பிணிக்கு இந்த வேலை ஏற்றதா என்ற மதிப்பீடு, லேபில் கர்ப்பிணி யாரும் இல்லாவிட்டாலும் பொதுவாக முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டிய ஒன்று. ‘நம் மேசைக்கான முட்டர்ஷுட்ஸ் மதிப்பீட்டைப் பார்க்கலாமா’ என்று கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள். உள்ளே பதில் கிடைக்காவிட்டால் ஊழியர் மன்றம், அதற்கு மேல் மாநிலத்தின் தொழில் மேற்பார்வை அலுவலகம்.

இப்போது அலமாரி. கண் எரிவதற்குக் காரணம் பலகைத் துகள்களை ஒட்டிய யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை. ஒட்டியபின் மிச்சமிருக்கும் வாயு முதல் சில மாதங்களில் வேகமாக வெளியேறும். அதன் பிறகும் ஈரமும் சூடும் பட்டால் பசையே மெல்லச் சிதைந்து புதிதாக விடும். பலகையில் ‘இ1’ என்று பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் அதைச் சிறப்பாகச் சொல்வார், ஆனால் அது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், அவ்வளவுதான். பழைய சோதனை முறையில் 0.1 பிபிஎம், கன மீட்டருக்கு சுமார் 0.124 மில்லிகிராம். ஜெர்மனி 2020 ஜனவரி முதல் கடுமையான சோதனை முறைக்கு மாறியதால் நடைமுறையில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒன்றியம் முழுவதற்குமான புதிய வரம்பு 2023-ல் வெளியானது: மரப்பலகைப் பொருள்களுக்கும் அறைகலன்களுக்கும் கன மீட்டருக்கு 0.062 மில்லிகிராம், 2026 ஆகஸ்ட் 6 முதல். இரண்டாம் கை அறைகலன்களுக்கு அது பொருந்தாது. புதிதாக வருபவர்கள் அதிகம் வாங்குவது அதைத்தான் என்பதால் சொல்கிறேன். ஐந்தாறு வருடம் பழகிய அலமாரி பெரும்பாலும் புதியதைவிடக் குறைவாகவே விடும். 1980-களுக்கு முந்தைய துகள் பலகையை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சான்று இருந்தும் கண் எரிவது ஏன்? சோதனை உங்கள் அறையில் நடக்கவில்லை. பழைய முறைப்படி 23 டிகிரி சூட்டில், ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு சதுர மீட்டர் பலகை, மணிக்கு ஒரு முறை காற்று முழுதாக மாறும் பெட்டிக்குள் அளப்பார்கள். உங்கள் 12 சதுர மீட்டர் படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள், கூரை 2.5 மீட்டர் என்றால் 30 கன மீட்டர் காற்று. 2 மீட்டர் அகலம், 2.3 மீட்டர் உயரமுள்ள அலமாரியின் பக்கங்கள், கதவுகள், தட்டுகள் எல்லாவற்றின் இரு முகங்களையும் கூட்டினால் அதுவே சுமார் 30 சதுர மீட்டர் வந்துவிடும். அதற்கு மேல் கட்டில், மேசை, லேமினேட் தரை. இங்கத்து ஜன்னல்கள் இறுக்கமானவை, குளிர்காலத்தில் மூடி வைத்தால் காற்று மணிக்கு ஒரு முறை மாறவே மாறாது. தனித்தனியாக எல்லாமே சட்டத்துக்கு உட்பட்டவை, ஆனால் கூட்டுத்தொகை உங்கள் மூச்சில் சேர்கிறது. வீட்டுக் காற்றுக்கு ஜெர்மனி வைத்திருக்கும் வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், உலகச் சுகாதார நிறுவனம் 30 நிமிடச் சராசரிக்குச் சொல்வதும் அதேதான்.

செய்ய வேண்டியது இது. அலமாரிக் கதவையும் இழுப்பறைகளையும் பகலில் திறந்தே வையுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை, எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் முழுதாகத் திறந்து விடுங்கள். நாளெல்லாம் ஜன்னலைச் சாய்த்து வைப்பதைவிட அதுதான் பலன் தரும். ஹீட்டரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள். வாயு அதிகம் கசிவது மேலே ஒட்டிய தாள் வழியாக அல்ல. அறுத்த விளிம்பு, ஆணித்துளை, பின்பலகையின் மூடாத முகம் வழியாக. பின்புறத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக மரத்துகள் கைக்குத் தெரிந்தால் அங்கே இஸ்திரியால் ஒட்டும் விளிம்புப் பட்டையை ஒட்டுங்கள். பயன்படாத துளைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். குழந்தை அறைக்கான சாமான்களைப் பிரசவத்துக்குச் சில மாதம் முன்பே வாங்கிப் பாகங்களை இணைத்து நிறுத்திவிடுங்கள். நீல தேவதை முத்திரையோ அறைகலன்களுக்கான தங்க எம் முத்திரையோ இருந்தால் இ1-ஐவிட நம்பலாம்.

இணையத்தில் மலிவாக விற்கும் கைமீட்டர்களை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கைக்குத் தடவும் சானிடைசர் ஆவிக்கும் வாசனைத் திரவியத்துக்கும் அவை எகிறும். ஆய்வகத்திடமிருந்து மாதிரிப் பட்டை வரவழைத்து, ஜன்னலை எட்டு மணி நேரம் மூடி வைத்துவிட்டு மாதிரி எடுங்கள். தரையோ சமையலறையோ வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்தது என்றால், அந்த அறிக்கையோடு வாடகையாளர் சங்கத்துக்குப் போங்கள். அவர்களைக் கேட்காமல் வாடகையை நீங்களாகப் பிடித்தம் செய்யாதீர்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும்.

துணி விஷயம் எளிது. தோலில் படும் ஆடைக்கு ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 75 மில்லிகிராம், 2020 நவம்பர் முதல். திருப்பூரிலிருந்து இங்கே வரும் பனியனும் இதற்குள் இருந்தாக வேண்டும். ஊரிலிருந்து பார்சலில் வரும் குழந்தைத் துணி இந்தச் சோதனை வழியாக வராது. துணியோடு பிணையாமல் இருக்கும் ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரையும், அதனால் போடும் முன் ஒன்றிரண்டு முறை துவைத்துவிடுங்கள். கசங்காத துணி என்று விற்பதைக் குழந்தைக்கு வாங்க வேண்டாம்.

பெட்டியில் எடுத்து வந்த ஷாம்பு, முடி நேராக்கும் கிரீம்களின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃபார்மால்டிஹைடை அழகுப் பொருளில் சேர்ப்பதே இங்கே தடை. மெத்திலீன் கிளைக்கால் என்று இருந்தால் அதுவும் நீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுதான். அதன்மேல் சூடான இஸ்திரிக் கம்பி படும்போது வாயு நேராக முகத்துக்கு வரும். டிஎம்டிஎம் ஹைடன்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா ஆகியவை மெல்ல ஃபார்மால்டிஹைடு விடும் பதப்பொருள்கள். இவை அனுமதிக்கப்பட்டவைதான், ஆனால் வெளியாகும் அளவு 0.001 சதவீதத்தைத் தாண்டினால் ‘ஃபார்மால்டிஹைடு வெளியிடும்’ என்று அச்சிட வேண்டும். பழைய சரக்கை அந்த வரி இல்லாமல் விற்க 2026 ஜூலை 31 வரை அவகாசம். லேபில் தினமும் ஃபார்மலின் படும் கைக்கு ஒவ்வாமை எளிதில் வரும், வந்துவிட்டால் இந்தப் பதப்பொருள்களுக்கும் தோல் எதிர்வினை காட்டக்கூடும். கையில் அரிப்போ தடிப்போ தொடங்கினால் உடனே தோல் மருத்துவரிடம் போய், லேபில் ஃபார்மலின் கையாள்வதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தொழில்சார் தோல்நோய் என்ற சந்தேகம் இருந்தால், உங்கள் சம்மதத்தோடு அவர் தொழில் விபத்துக் காப்பீட்டுக் கழகத்துக்கு அறிக்கை அனுப்புவார். அதை ஏற்றுக்கொண்டால் சிகிச்சைச் செலவு அவர்கள் பொறுப்பு.