மனைவிக்குப் பிரசவம் ஆகி மூன்று வாரம், குழந்தை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு). அவள் யாரிடமும் பேசுவதில்லை. கவுன்சலிங் என்கிற வெறும் பேச்சால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் நான் முதலில் போன இடத்தில் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் திங்கள்சந்தைப் பக்கம். எனக்குப் பிரஷர் ஏறியதால் 31 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து மகளை எடுத்தார்கள். 1 கிலோ 350 கிராம். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் 36 நாள் கிடந்தாள். பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கை எங்கள் பக்கம் இருபத்தெட்டு கெட்டு என்போம், அதற்கு வீட்டில் அரைஞாண் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த நாளில் பிள்ளைக்கு மூக்கில் குழாய், நான் கண்ணாடிக்கு வெளியே.

பிரசவம் ஆன மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. பால் கறக்கப் போவேன், வருவேன், வராந்தாவில் சுவரைப் பார்த்து இருப்பேன். "பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லியாச்சு, பொறவு என்னத்துக்கு அழுக?" என்பார் மாமி.

முதலில் பார்த்த கவுன்சலர் அரை மணி நேரமும் அவரே பேசினார். பாசிட்டிவாக நினைக்கச் சொன்னார். இதைச் சொல்ல எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் உண்டு, காசும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது பார்த்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ஒரு தாளில் 10 கேள்வி கொடுத்தார். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் தாள் அது, எடின்பரோ அளவுகோல் என்பார்கள், 1987-இல் வந்தது. கடந்த 7 நாள் எப்படி இருந்தோம் என்றுதான் கேட்கும். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது கடைசிக் கேள்வி. 'எப்போதாவது' என்று குறித்தேன். அவர் பதறவில்லை, நேராகவே கேட்டார். அன்றைக்கே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ராத்திரி என்னைத் தனியாக விடக் கூடாது என்றார்.

மனதில் ஓடுவதை அப்படியே சொல்லச் சொன்னார். "நர்சு தொட்டா அடங்குகா, நான் தொட்டா சிணுங்குகா. எனக்க பிள்ளைக்கு என்னைத் தெரியல்ல" என்றேன். அவர் 'அப்படியெல்லாம் இல்லை' என்று ஆறுதல் சொல்லவில்லை. கங்காரு முறையில் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து வைக்கும்போது மானிட்டரில் ஓடும் இதயத்துடிப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வரச் சொன்னார். படுக்கையில் 160-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது, என் நெஞ்சில் 145 பக்கம் வந்து நின்றது. மூன்று நாளும் அப்படியே. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஸ்கூட்டியில் போனதால்தான் குறைமாதம் என்ற எண்ணத்தையும் இப்படித்தான், பிரசவம் பார்த்த டாக்டரிடம் நானே போய்க் கேட்கவைத்துக் கழற்றினார். மனதில் ஓடும் எண்ணம் சரியா என்று நாமே சோதித்துப் பார்க்கவைக்கும் இந்தப் பேச்சு சிகிச்சைக்கு சி.பி.டி. என்று பெயர். ஒரு நாள் மாமியையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துப் பேசினார். அது கொஞ்சம் சண்டையில்தான் முடிந்தது, ஆனால் அதற்குப் பிறகு மாமி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மொத்தம் 9 தடவை, கடைசி மூன்று போனில்.

வெறும் பேச்சா என்கிறீர்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த தாய்மாரிடம் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப் பெண்களே வீடு தேடிப் போய் இந்த முறையில் பேசினார்கள். 2008-இல் முடிவு வந்தது. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது இந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு மிஞ்சியிருந்தது. இந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 53 சதவீதம்.

சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரையும் வேண்டிவரும். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதும் உண்டு, டாக்டர் முடிவு செய்வார். இல்லாத குரல் கேட்கிறது, சாகத் தோன்றுகிறது, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்கிறாள் என்றால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், அப்போதே கூட்டிப்போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், எந்நேரமும், இலவசம்.

நேரம் வாங்கும்போது பால் கறக்கும் வேளைகளுக்கு நடுவில் பார்த்து வாங்குங்கள். எனக்கு 9-க்கும் 12-க்கும் கறக்க வேண்டும், பத்தரைக்குக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் போயிருக்கவே மாட்டேன்.